கை நிற்கக் கூடாது

கேள்வி: ஆறு மாதமாகக் கிட்டார் கற்கிறேன். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாற்றும்போதெல்லாம் தாளம் நின்றுவிடுகிறது. டிரம்ஸ் கற்றால் சரியாகுமா? (கோவை வாசகி)

பதில்: நிறையவே சரியாகும். இரண்டு வருடம் டிரம்ஸ் தட்டிய பிறகுதான் நான் கிட்டாரைத் தொட்டேன். இடது கை திணறியது. வலது கை மட்டும் நிற்கவே இல்லை. டிரம்ஸின் ஜோடித் தட்டான ஹை-ஹாட்டில் 'ஒன் அண்ட் டூ அண்ட்' என்று போகுமே, கிட்டார் கம்பிகளை வருடி வாசிக்கும் ஸ்ட்ரம்மிங்கும் அதேதான்: எண்ணுக்குக் கை கீழே, 'அண்ட்'டுக்கு மேலே. கம்பியில் படாத வீச்சும் கணக்கில் உண்டு. இடது கையால் கம்பிகளை லேசாக மூடி, தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்து வெறும் 'சக் சக்' அடியுங்கள். நான்கு வரை எண்ணி, 2, 4-ல் அழுத்தம். டிரம்ஸில் ஸ்நேர் என்ற முரசின் அடி விழும் இடம் அது. அப்புறம் கார்டு. தப்பினாலும் கை ஓடட்டும். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனே கிட்டாருக்கு முன் டிரம்ஸ் வாசித்தவர்தான். டிரம் செட் வேண்டாம், தலையணையும் இரண்டு குச்சியும் போதும். எங்கள் கீழ்வீட்டுக்காரர் கெஞ்சிச் சொன்ன யோசனை அது.