பூட்டு போட்டாயிற்று, சாவி யாரிடம்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் இரவு ஒரு மணி வரை போனில் விளையாடுகிறான். உறவுக்காரப் பையன் ஒருவன் ‘ஃபேமிலி லிங்க்’ என்பதைப் போட்டுக் கொடுத்தான். இரண்டே நாளில் அது வேலை செய்யாமல் போய்விட்டது. மகனைக் கேட்டால், ‘எனக்கு என்னம்மா தெரியும்’ என்கிறான். இதைவிட நல்ல செயலி ஏதாவது இருக்கிறதா?
– ஒரு தாய், முக்கூடல்

பதில்: செயலியை மாற்ற வேண்டிய தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மகனின் போனைப் பார்ப்பதற்கு முன் உங்கள் போனைப் பாருங்கள். அதில் இருக்கும் கூகுள் கணக்கை உருவாக்கிக் கொடுத்தது யார்? நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் அந்த மகனேதான். கடவுச்சொல்லும் அவனுக்குத்தான் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. ஃபேமிலி லிங்க் என்பது பெற்றோரின் கணக்கிலிருந்து பிள்ளையின் கணக்கை மேற்பார்வை செய்யும் ஏற்பாடு. பெற்றோரின் கணக்கே பிள்ளையின் கையில் இருந்தால், வீட்டைப் பூட்டிச் சாவியைத் திருடனிடமே கொடுத்தது போலாகிவிடும் (உங்கள் மகனைத் திருடன் என்று சொல்லவில்லை). மேற்பார்வை நிறுத்தப்பட்டால் பெற்றோருக்கு அறிவிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அந்த அறிவிப்பும் அவன் திறந்து பார்க்கக்கூடிய மின்னஞ்சலுக்குத்தானே போயிருக்கும்?

சில மாதங்களுக்கு முன் பீடி சுற்றும் தாய் ஒருவர் தம் போனை என்னிடம் காட்டினார். இலை வெட்டி, தூள் தொட்டு, பல ஆண்டுகளாகச் சுற்றித் தேய்ந்த அவருடைய விரலைக் கருவி ஏற்கவே இல்லை. மூன்று முறை வைத்துப் பார்த்தார், மூன்று முறையும் அதிர்ந்து மறுத்தது. ‘இது என் விரலுக்குத் திறக்காதுங்க, பையன் விரலுக்குத்தான் திறக்கும்’ என்று சாதாரணமாகச் சொன்னார். அமைப்புகளில் கைரேகைப் பட்டியலைத் திறந்தபோது மகனின் இரண்டு விரல்களும் பதிவாகியிருந்தன. உங்கள் போனிலும் அந்தப் பட்டியலைப் பார்த்து, உங்களுடையது அல்லாத ரேகைகளை நீக்குங்கள். விரல் ஏற்கப்படாவிட்டால் ஆறு இலக்க எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அது மகனின் பிறந்த நாளாகவோ வண்டி எண்ணாகவோ இருக்க வேண்டாம். பிறகு உங்கள் சிம் எண்ணைக் கொண்டு உங்களுக்கென்று புதிய கூகுள் கணக்கு ஒன்றைத் தொடங்கி, கடவுச்சொல்லை நீங்களே தட்டச்சு செய்து, இரண்டு படிச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல் மட்டும் போதாமல் இன்னொரு முறையும் உறுதிப்படுத்தச் சொல்லும் வசதி) இயக்கிவிடுங்கள். அந்தக் கணக்கிலிருந்து ஃபேமிலி லிங்க்கை மறுபடி அமையுங்கள்.

மகனின் கணக்கில் பதிவாகியிருக்கும் பிறந்த ஆண்டையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காக அவசர அவசரமாகத் தொடங்கப்பட்ட கணக்குகளில், 13 வயது நிறையாத பிள்ளை தானாகக் கணக்குத் தொடங்க முடியாது என்பதால், வாய்க்கு வந்த ஓர் ஆண்டைப் போட்டுவிட்டார்கள். அத்தகைய கணக்கு உங்கள் மகனை இன்றைக்கும் பெரியவனாகவே நடத்தும். விளையாட்டுகளிலும் இதே கதைதான். பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. பொய் வயது கொடுத்தவனை அந்த வரம்பு தொடுவதில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் விளையாட்டுக்குள் செலவழிக்கும் ‘டைமண்ட்’டைப் பணம் கொடுத்து வாங்குவது சூதாட்டக் கணக்கில் வராத சாதாரணக் கொள்முதல். ஆகவே உங்கள் யூபிஐ ரகசிய எண்ணையும் அவன் அறியாதபடி மாற்றிவிடுங்கள்.

இனி வரம்புகளுக்கு வருவோம். மூன்றை மட்டும் வைத்தால் போதும். முதலாவது, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை போன் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஓய்வு நேரம். இரண்டாவது, விளையாட்டுச் செயலிகளுக்கு மட்டும் ஒரு நாளைக்கு இவ்வளவு நிமிடம் என்ற அளவு. சனி, ஞாயிறுகளில் இதைச் சற்றுத் தாராளமாகவே வைக்கலாம். மூன்றாவது, எந்தப் புதிய செயலியை இறக்கினாலும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்ற கட்டுப்பாடு. இதனுடன், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி நிறுவும் வழியையும் ஃபேமிலி லிங்க்கிலேயே அடைத்துவிடுங்கள். நண்பர்கள் கோப்பாக அனுப்பும் விளையாட்டுகள் அந்த வழியாகத்தான் வருகின்றன. யூடியூப் செயலிக்கு வரம்பு வைத்துவிட்டு குரோம் உலாவியை மறந்துவிடாதீர்கள், அதே காணொளி அங்கேயும் ஓடும். போன் பூட்டியிருக்கும்போதும் உள்வரும் சாதாரண அழைப்பை எடுக்கலாம், அவசர அழைப்பும் போகும் என்பதால் அந்தப் பயம் வேண்டாம்.

உங்கள் கணவரின் அழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. வேலை முடித்துச் சாப்பிட்டுவிட்டு அவர் கூப்பிடும் நேரம் அதுவாகத்தான் இருக்கும், அந்த அழைப்பு மகனின் போனுக்குத்தான் வருகிறது என்றால், ‘அப்பா பேசுவாரு’ என்ற காரணத்தோடு போன் படுக்கைக்குப் போய்விடும். அவரை இனிமேல் உங்கள் எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். ஆச்சியின் போன் வீட்டில் இருந்தால் அதற்கும் ஒரு பூட்டு தேவைப்படும். தன் போன் பூட்டியதும் பிள்ளைகள் நேரே போவது ஆச்சியிடம்தான், ஆச்சிமார்களும் கேட்டவுடன் கொடுத்துவிடுவார்கள்.

இவை அனைத்தையும் அவன் தூங்கும்போது செய்யாதீர்கள். பீடித் தட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் பார்க்கப் பார்க்கச் செய்யுங்கள். எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பதை அவனிடமே கேளுங்கள். அவன் பதினொன்று என்பான், நீங்கள் ஒன்பது என்பீர்கள், பத்தில் வந்து நிற்கும். தானும் பேசி முடிவு செய்த நேரத்தை உடைக்கப் பதினைந்து வயதுப் பையனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். மறைவில் வைத்த பூட்டை உடைப்பது அவனுக்கு இன்னொரு விளையாட்டு, அதில் அவன் உங்களைவிட நிச்சயமாகக் கெட்டிக்காரன்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தெரியாமலேயே, அவளுடைய வாட்ஸ்அப் செய்திகளை என் போனில் காட்டும் செயலியைப் போட்டுத் தருவதாகக் கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். போடலாமா?
– ஒரு தந்தை, பாளையங்கோட்டை

பதில்: வேண்டாம். இத்தகைய ஒளிவுச் செயலிகளைப் போடும்போது பெரும்பாலும் கூகுளின் ‘பிளே புரொடெக்ட்’ பாதுகாப்பை அணைக்கச் சொல்வார்கள், அப்போதே விழித்துக்கொள்ள வேண்டும். உங்கள் மகளின் செய்திகளும் படங்களும் முதலில் யாரோ ஒருவருடைய சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் உங்களிடம் வரும். அந்த ‘யாரோ’ யார் என்று அந்தக் கடைக்காரருக்கும் தெரியாது. ஃபேமிலி லிங்க் கூடப் பிள்ளையின் செய்திகளைப் பெற்றோருக்குக் காட்டுவதில்லை. நேரம், செயலி, இருப்பிடம் ஆகியவற்றோடு அது நின்றுவிடுகிறது. என் கருத்தில் பெற்றோரும் அங்கேதான் நிற்க வேண்டும்.

அவள் இன்ஸ்டாகிராமில் இருக்கிறாளா என்று கேளுங்கள். இருந்தால், அவளுடைய உண்மையான வயது அங்கே பதிவாகியிருப்பதே உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பதின்பருவக் கணக்கு முறையை அந்நிறுவனம் 2024 செப்டம்பரில் அறிவித்து, 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. அதில் கணக்கு தானாகவே தனிப்பட்டதாகிவிடும், அறிமுகமில்லாதவர் செய்தி அனுப்ப முடியாது, இரவு பத்து மணி முதல் காலை ஏழு மணி வரை அறிவிப்புகள் அடங்கியிருக்கும். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும்.

படத்தை வைத்து யாராவது மிரட்டினால் அவள் முதலில் உங்களிடம்தான் வர வேண்டும். தன்னை அப்பா ஒளிந்து பார்த்தார் என்று தெரிந்த பிள்ளை வருவாளா என்று யோசித்துப் பாருங்கள். அப்படி வந்தால் திட்டாதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள், பணம் அனுப்பாதீர்கள். சைபர் குற்றங்களுக்கு 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்ற எண்களை அழையுங்கள்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். அம்மா வைத்த பூட்டால் இரவு ஒன்பது மணிக்கு மேல் நீட் பாடக் காணொளிகளைப் பார்க்க முடியவில்லை. யூடியூபை ‘எப்போதும் அனுமதி’ பட்டியலில் சேர்க்கச் சொல்லலாமா?
– ஒரு மாணவி, வள்ளியூர்

பதில்: நான் உங்கள் அம்மாவாக இருந்தால் சேர்க்க மாட்டேன். அந்தப் பட்டியலில் யூடியூபைச் சேர்த்தால் ‘ஷார்ட்ஸ்’ என்ற குறுங்காணொளிகளும் கூடவே வந்துவிடும், உயிரியல் பாடத்திலிருந்து அங்கே போவதற்கு ஒரு விரல் அசைவு போதும். அதற்குப் பதிலாக, அன்றைக்கு மட்டும் கூடுதல் நேரம் தரும் வசதி ஃபேமிலி லிங்க்கில் இருக்கிறது, அதைக் கேளுங்கள். அம்மா வெளியில் இருந்து, இணையமும் இல்லாவிட்டால், அவருடைய செயலியில் ஓடிபி போல மாறிக்கொண்டே இருக்கும் பெற்றோர் குறியீட்டு எண் இருக்கும். போன் செய்து அதைக் கேட்டுப் பூட்டைத் திறந்துகொள்ளலாம். கேட்கும்போது எந்தப் பாடம், எத்தனை நிமிடக் காணொளி என்பதையும் சேர்த்துச் சொன்னால் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். யூடியூபில் அடுத்த காணொளி தானாக ஓடுவதையும் அணைத்துவையுங்கள்.