மூன்று சுழியும் தெரிகிற தாள்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் அதிபர் ஓய்வுபெற்றுப் போகும்போது தன்னுடைய மைப்பேனையை எனக்குத் தந்தார். பாடக்குறிப்பை அதனால் எழுத ஆசை. ஆனால் கடையில் வாங்கும் கொப்பிகளில் மை வேர்விட்டதுபோல் பரவுகிறது. மறுபக்கம் முழுவதும் புள்ளி புள்ளியாக இறங்கிவிடுகிறது. மைப்பேனைக்கென்று விற்கும் வெளிநாட்டுக் கொப்பிகளின் விலை எனக்குக் கட்டாது. தினமும் எழுதுவதற்கு மலிவான நல்ல தாள் இங்கே கிடைக்குமா?

பதில்: கிடைக்கும் ரீச்சர். ஆனால் புத்தகக்கடையில் மட்டும் தேடினால் அலுத்துப்போவீர்கள். அச்சகத்திலும் கேட்க வேண்டும். அச்சு வேலையில் பல வருடம் தாளோடு மாரடித்தவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் மை ஏன் பரவுகிறது என்று பார்ப்போம். மரக்கூழோ வைக்கோல் கூழோ, தாள் என்பது நார்ப்பின்னல். அந்த நாருக்குத் தண்ணீர் என்றால் தீராத தாகம். மைப்பேனையின் மையில் பெரும்பங்கு தண்ணீர், கொஞ்சம்தான் சாயம். குமிழ்முனைப் பேனையின் மையோ எண்ணெய்ப் பசை போன்றது. நாருக்குள் ஓடாமல் வைத்த இடத்தில் இருக்கும். இன்று பிள்ளைகள் எல்லோரும் குமிழ்முனைப் பேனையால் எழுதுவதால், கொப்பித் தாள் தண்ணீரைத் தாங்குகிறதா என்று கேட்பார் இல்லை.

நாரின் தாகத்தை அடக்க ஆலையில் இரண்டு வேலை செய்வார்கள். கூழிலேயே ஒரு பொருளைக் கலப்பது ஒன்று. அந்தக் காலத்தில் பைன் மரப் பிசினும் படிகாரமும் கலந்தார்கள். படிகாரம் தாளில் அமிலத்தை விட்டுச்செல்லும். பழைய காணி உறுதிகள் மஞ்சளாகி மடிப்பில் ஒடிந்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது பெரும்பாலும் ஏகேடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மெழுகுத்தன்மையுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். இரண்டாவது வேலை, தாள் உருவான பிறகு அதன் மேல் மாப்பசை பூசுவது. வேட்டிக்குக் கஞ்சி போடுவது மாதிரித்தான். கஞ்சி போட்ட வேட்டி தெறித்த நீரைச் சற்று நேரம் வெளியே நிறுத்தும். பழைய சாரம் உடனே குடித்துவிடும். மலிவான தாளில் முதலில் மிச்சம் பிடிக்கப்படுவது இந்தக் கஞ்சிதான்.

ஆகவே கனத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். உறையில் 70, 80 என்று போட்டிருப்பது ஒரு சதுர மீற்றர் தாளின் எடை, கிராமில். ஏ4 என்பது சதுர மீற்றரில் பதினாறில் ஒரு பங்கு என்பதால் 80 கிராம் தாளில் ஓர் ஒற்றை 5 கிராம் இருக்கும். 500 ஒற்றை கொண்ட ஒரு ரீம் இரண்டரைக் கிலோ. 70 கிராம் தாள் என்றால் ஒரு ரீம் ஏறத்தாழ 2 கிலோ 190 கிராம். சந்தேகம் என்றால் பக்கத்து மரக்கறிக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஆனால் அந்தத் தராசு எடையைத்தான் சொல்லும், கஞ்சியைச் சொல்லாது. மைப்பேனைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஜப்பானியத் தொமோயே றிவர் தாள் வெறும் 52 கிராம்தான். மறுபக்கம் எழுத்தின் நிழல் தெரியும், மை இறங்காது. நிழல் தெரிவது வேறு, மை இறங்குவது வேறு. நிழலோடு வாழ்ந்துவிடலாம். பளிச்சென்ற வெள்ளையைப் பார்த்தும் ஏமாறாதீர்கள், அது வெளுப்பிலும் சாயத்திலும் வருவது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? பேனையில் நீங்கள் வழக்கமாக ஊற்றும் மையை நிரப்பிக் கடைக்குக் கொண்டுபோங்கள். பிரித்து வைத்த கட்டிலிருந்து ஓர் ஒற்றை கேளுங்கள். ‘கண்ணன் மன்னன்’ என்று உங்கள் வழமையான அளவில் எழுதுங்கள். தமிழ் எழுத்தைப்போல் தாளைச் சோதிக்க வேறொன்று வேண்டியதில்லை. ண, ன இரண்டிலும் உள்ள சுழிகள் மை பரவினால் அடைபட்டு ஒன்றுபோல் ஆகிவிடும். மூன்று சுழி ணகரத்தில் மூன்றும் திறந்திருந்தால் தாள் பரவாயில்லை. (கெட்ட தாளில் எழுதும் மாணவன் எழுத்துப்பிழை விட்டாலும் உங்களால் பிடிக்க முடியாது என்பது வேறு கதை.) அடுத்து, பேனை முனையைத் தாளில் வைத்து மூன்று எண்ணும்வரை நிறுத்துங்கள். புள்ளி எவ்வளவு பருக்கிறது, மறுபக்கம் வருகிறதா என்று பாருங்கள். எழுத்து விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் சிலந்திக்கால்போல் மெல்லிய கோடுகள் ஓடியிருக்கும். அதுதான் நீங்கள் சொல்லும் வேர்.

தாளைத் திருப்பி அதே சோதனையைச் செய்ய மறக்காதீர்கள். இயந்திரத்தில் ஓடும் ஈரக்கூழின் ஒரு பக்கம் கம்பிவலையில் படிந்திருக்கும், மற்றப் பக்கம் அப்படியில்லை. அதனால் பல தாள்களில் இரு பக்கத்துக்கும் இரு குணம். ரீம் உறையில் அம்புக்குறி போட்டு எந்தப் பக்கம் முதலில் அச்சிட வேண்டும் என்று காட்டுவதும் அதனால்தான்.

இனி எதை வாங்குவது? போட்டோகொப்பித் தாள் எங்கும் கிடைக்கும், ஆனால் அது சீட்டுக் குலுக்கல். அந்த இயந்திரம் உலர்ந்த தூளைச் சூட்டில் ஒட்டுகிறது. தண்ணீரைத் தாங்க வேண்டிய தேவை அந்தத் தாளுக்கு இல்லை. உறையில் ‘இன்க்ஜெட்’ அச்சுக்கும் ஏற்றது என்று போட்டிருந்தால் அதை எடுத்துச் சோதியுங்கள், ஏனென்றால் அந்த இயந்திரம் தெளிப்பதும் பெரும்பாலும் தண்ணீர் மைதான். கரும்புச் சக்கையில் செய்த தாள் கண்ணில் பட்டாலும் விடாதீர்கள். சக்கையின் நார் குட்டை. நெருக்கமாகப் படிந்து வழுவழுப்பான தாளாகும். தமிழ்நாட்டில் கரூருக்குப் பக்கத்திலுள்ள புகளூர் ஆலை பல காலமாகச் சக்கையில் தாள் செய்கிறது. மீள்சுழற்சித் தாள், பத்திரிகைத் தாள் இரண்டையும் தொடவே வேண்டாம். பளபளக்கும் ஆர்ட் தாளில் மை பரவாது, ஆனால் காயவும் காயாது. கை பட்டால் எல்லாம் இழுபட்டுவிடும்.

நான் முதலில் சொன்ன அச்சகத்துக்கு வருவோம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ, பற்றுச்சீட்டுப் புத்தகமும் கணக்குப் பேரேடும் அடிக்கும் அச்சகம் ஒன்றுக்குப் போங்கள். ‘லெஜர் தாள்’, ‘பொண்ட் தாள்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கணக்குப்பிள்ளைகள் மை தொட்டு எழுதிய காலத்தில் பிறந்த தாள் வகை லெஜர். இன்றும் கஞ்சி கூடுதலாக வருவது அதற்குத்தான். பற்றுச்சீட்டின் இரண்டாவது ஒற்றைக்குப் போடும் மெல்லிய ‘பேங்க் தாள்’ இன்னும் மலிவு. நிழல் தெரியும், ஆனால் நல்ல கட்டாக இருந்தால் எழுத்து கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கார்பன் இல்லாமலே பிரதி எடுக்கும் இரசாயனம் பூசிய தாளைத் தந்துவிடுவார்கள், அது உங்களுக்கு உதவாது.

அச்சகத்தில் பெரிய தாளை வெட்டும்போது ஓரத்தில் துண்டுகள் மிஞ்சும். பல இடங்களில் அவற்றை எடைக்குத்தான் போடுகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஒரே அளவில் அடுக்கித் தருவார்கள், நீங்கள் தைத்துக்கொள்ளலாம். முழு ரீமாக வாங்கினாலும் கணக்கு இலேசுதான்: 25 ஏ4 ஒற்றையை நடுவில் மடித்து நூலால் தைத்தால் 100 பக்கக் கொப்பி, ஒரு ரீமில் 20 கொப்பி. கோடு வேண்டுமென்றால் தடித்த கோடு போட்ட ஓர் அட்டையை அடியில் வைத்து எழுதுங்கள், மெல்லிய தாளில் அது நன்றாகவே தெரியும்.

பாடசாலைக் கொப்பிதான் வேண்டுமென்றால் அட்டையிலுள்ள பெயரை நம்பாதீர்கள். உள்ளே போகும் தாள் இறக்குமதியாகும் உருளைகளில் வருவது. ஒரே பெயரில் போன மாதம் வந்த தொகுதியும் இந்த மாதத் தொகுதியும் இரு வேறு ஆலைகளுடையதாக இருக்கலாம். 2022 மார்ச்சில் தாளும் மையும் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்த நாடு இது. வன்னியில் போர்க்காலப் பொருளாதாரத் தடையைக் கண்டவர்களுக்கு அது புதினமில்லை. கொப்பியின் பழைய பக்கத்தை அழித்து எழுதிய தலைமுறை நாங்கள். ஆகவே ஒரு கொப்பி வாங்கி எழுதிப் பாருங்கள். நன்றாக இருந்தால் அன்றைக்கே திரும்பிப்போய் அதே கட்டில் ஒரு டசின் வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் என்று விட்டால் போயிற்று.

தாளை மட்டும் குற்றஞ்சொல்லவும் முடியாது. அதிபரின் பேனை எத்தனை வருடம் உழைத்ததோ, முனை தேய்ந்து அகன்றிருந்தால் மையை ஊற்றும். சாதாரணத் தண்ணீரால் கழுவி, மெல்லிய முனையுள்ள மலிவான பேனை ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மையிலும் வேறுபாடு உண்டு. சீக்கிரம் உலரும் என்று பெயரெடுத்த மைகள் பல, தாளுக்குள் சீக்கிரம் இறங்குவதால்தான் உலர்கின்றன. பெலிக்கன் 4001 நீலம்போல வறட்சியாக ஓடும் மைகள் கெட்ட தாளிலும் ஓரளவு அடங்கி நிற்கும். கழுவினால் போகும் நீலத்தைப் பாடக்குறிப்புக்குப் பாவிக்கலாம், வரவு இடாப்புக்கு வேண்டாம். மை பரவாமலிருக்க வேலம்பிசினைக் கரைத்து ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பேனை அடைபட்டுப் போகும். என் பேனை ஒன்று அப்படித்தான் போனது.

மாரியில் தாள் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். புரட்டாதியில் நன்றாக இருந்த ரீம் மார்கழியில் மை பரவுகிறது என்று சொல்வது கற்பனையல்ல. பொலித்தீனில் சுற்றி, சீமெந்துத் தரையில் வைக்காமல் மேலே வையுங்கள். வறண்ட சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் தொல்லை வேறு: பேனை முனை காய்ந்துபோகும், உள்ளங்கை வியர்வை பட்ட இடத்தில் மை பிடிக்காது. எழுதும்போது கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் போட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் கொப்பி திருத்தும்போது மட்டும் மைப்பேனையில் சிவப்பு ஊற்ற வேண்டாம். அவர்களுடைய தாளில் உங்கள் சரி அடையாளம் மறுபக்கம் போய் அங்கே சரியாக எழுதிய விடையையும் கறையாக்கிவிடும். அதற்குப் பழைய சிவப்புக் குமிழ்முனைப் பேனையே போதும்.