அமெரிக்காவில் அரசு வழக்கறிஞர் ஜூரிகளை எப்படி நீக்குகிறார்?
குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லப் பொதுமக்களிலிருந்து ஜூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, வேண்டாதவரை நீக்க இரண்டு வழி உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர், ‘போலீஸ் பேச்சை நம்பவே மாட்டேன்’ என்பவர் போன்றோரைக் காரணம் காட்டி நீக்கக் கேட்கலாம். இதற்கு உச்சவரம்பு இல்லை. நீதிபதி ஏற்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, காரணமே சொல்லாமல் ‘இவர் வேண்டாம்’ என்பது. மரண தண்டனை கோராத பெருங்குற்ற வழக்குகளில், மத்திய நீதிமன்றங்களில் அரசுத் தரப்புக்கு 6 வாய்ப்பு, எதிர்த்தரப்புக்கு 10.

வில்லங்கமே இதில்தான். இனத்தைப் பார்த்து நீக்கக் கூடாது என்று 1986இல் பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சந்தேகம் கிளம்பினால் இனம் சாராத காரணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்வதா கஷ்டம்? ஜார்ஜியாவின் ஃபாஸ்டர் வழக்கில் காரணங்கள் வரிசையாக வந்தன. அப்புறம் அரசுத் தரப்பின் கோப்பு வெளியே வந்தது: கறுப்பினத்தவர் பெயர்கள் மட்டும் பச்சை நிறத்தில், பக்கத்தில் ‘பிளாக்’ (கறுப்பர்) என்பதைக் குறிக்கும் ‘பி’ என்ற எழுத்து. இருவரை நீக்கியது இனத்துக்காகத்தான் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.