முன் ஆக்சிலில் ஆட்டம்: பழைய லாரி வாங்குமுன் எதைப் பார்ப்பது?

கேள்வி: பல வருடம் டிரைவராக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக ஒரு ஆறு சக்கர லாரி பார்த்து வைத்திருக்கிறேன். 2016 மாடல். “முன் ஆக்சில்ல லேசா ஆட்டம் இருக்கு, கிங் பின் போட்டா தீர்ந்துச்சு, அதுக்கு வேணும்னா விலைல கழிச்சுக்கலாம்” என்கிறார் புரோக்கர். பட்டறையில் கேட்டால் ஸ்டப் ஆக்சில், டை ராடு, டிராக் லிங்க் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?
– நாமக்கல் வாசகர்

பதில்: எவ்வளவு கழிப்பது என்று பேசுமுன் ஆட்டம் எந்த இடத்தில் என்று தெரிந்தாக வேண்டும். சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப் பேரிங்கில் என்றால் நட்டை முறுக்கிச் சரிபார்ப்பதோடு வேலை முடிந்துவிடலாம். கிங் பின்னைச் சுற்றியிருக்கும் உலோக வளையமான புஷ்ஷில் என்றால் கிங் பின் செட் மாற்ற வேண்டும். முன் ஆக்சிலின் குறுக்குக் கட்டையான பீமில் கிங் பின் உட்காரும் துளையே அகன்றுபோயிருந்தால் செலவு வேறு கணக்கு. இந்த மூன்றையும் ‘கிங் பின் வேலை’ என்ற ஒரே பெயரில் சொல்லி விற்பதுதான் சந்தையில் நடக்கிறது.

ஸ்டீயரிங்கிலிருந்து கீழே வாருங்கள். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து தொங்குவது டிராப் ஆர்ம். அது முன்னும் பின்னும் போக, டிராக் லிங்க் என்ற கம்பி வலது பக்க ஸ்டப் ஆக்சிலைத் தள்ளும், இழுக்கும். அந்தத் திருப்பத்தை இடது சக்கரத்துக்குக் கொண்டுபோவது டை ராடு. ஸ்டப் ஆக்சில் என்பது ஹப்பும் சக்கரமும் உட்காரும் பாகம். அதன் உள்பக்கம் கவட்டை போலப் பிரிந்து பீமின் முனையைக் கவ்வி நிற்கும். இரண்டையும் மேலிருந்து கீழாகக் கோர்ப்பது கிங் பின். பீமுக்குள் அது சுற்றாமல் காட்டர் பின் என்ற ஆப்பு பிடித்திருக்கும். சுற்றுவது ஸ்டப் ஆக்சில்தான். ஆகவே தேய்வதும் அதன் மேலும் கீழும் இருக்கிற புஷ்கள்தான். பீமுக்கும் கீழ்க் கவட்டைக்கும் நடுவே திரஸ்ட் பேரிங். முன் எடை முழுக்க அதன் தலையில்.

இனிச் சோதனை. காலி வண்டி, சமதரை, பின் சக்கரத்துக்குக் கட்டை. ஜாக்கியை சேஸிஸில் கொடுக்காமல் பீமுக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டு வையுங்கள். டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், பிரேக்குக்கு ஏர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் குற்றம் ஹப் பேரிங்கில். நிற்காமல், பீமும் ஸ்டப் ஆக்சிலும் சந்திக்கும் இடம் கண்ணெதிரே அசைந்தால் கிங் பின், புஷ். டார்ச் அடித்துக் கிங் பின்னின் தலையைப் பாருங்கள்: பீமுக்குள் கிங் பின்னே அசைகிறது என்றால் துளை போய்விட்டது. அந்த வண்டியை நான் விட்டுவிடுவேன்.

டயரின் இரு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? டை ராடு பால் ஜாயிண்டைப் பாருங்கள். டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பும்போது மேலும் கீழும் போனால் திரஸ்ட் பேரிங் அல்லது சிம் (இடைவெளியை அடைக்கும் மெல்லிய தகடு). பிறகு சக்கரத்தை இறக்கி, ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் சிறிது திருப்ப, டிராக் லிங்கின் இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

கிரீஸ் ஏற்றும் நிப்பிளைச் சுற்றிப் புது கிரீஸ் வழிந்தால் நல்ல பராமரிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். தேய்ந்த புஷ்ஷில் கெட்டி கிரீஸை அடைத்தால் கொஞ்ச நேரம் ஆட்டம் மறையும். வண்டியை ஓட்டி வந்து மறுபடி தூக்கிப் பாருங்கள். இரு பக்கமும் முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடுவரை டேப் வைத்து அளப்பதும் நல்லது. பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் கூடுதலாக இருந்தால் ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்து ஆக்சில் நகர்ந்திருக்கலாம், அல்லது வண்டி எங்கோ அடிவாங்கியிருக்கலாம். பீமிலோ டை ராடிலோ வெல்டிங் தடம், நெருப்பு வைத்து நிமிர்த்திய கருமை தெரிந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி.யில் மொத்த எடையையும் படியுங்கள். ஆறு சக்கர வண்டியின் வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது 2018 ஜூலையில். உங்கள் வண்டி அதற்கு முந்தியது, அதனால் ஆர்.சி.யில் எது பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். 18.5 என்பது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை. வாய்ப்பேச்சில் அதையே சரக்கு எடையாக்கிவிடுகிறார்கள்.

கேள்வி: கிங் பின் செட் ஒரே வண்டிக்கு ஏன் கடைக்குக் கடை இவ்வளவு விலை வித்தியாசம்? – சங்ககிரி வாசகர்

பதில்: முதலில் செட்டில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணுங்கள். முழு செட்டில் இரண்டு பின், நான்கு புஷ், இரண்டு திரஸ்ட் பேரிங், காட்டர் பின்கள், சிம், சீல், மூடி எல்லாம் இருக்கும். குறைந்த விலை சொல்லும் கடையில் திரஸ்ட் பேரிங் தனி பில்லாக வரும். அடுத்தது புஷ். சில புஷ் போட்டபின் ரீமர் (துளையைச் சீவி அளவாக்கும் கருவி) விட்டுத்தான் அளவுக்குக் கொண்டுவர வேண்டும், சிலவற்றுக்குத் தேவையில்லை. ரீமர் இல்லாத பட்டறையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள், அங்கே விடாதீர்கள். புஷ்ஷின் கிரீஸ் துளை நிப்பிள் துளைக்கு நேராக உட்காராவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் உலர்ந்து தேயும். மாடல் பெயரைச் சொல்லிக் கேட்காமல் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து வாங்குங்கள், ஜி.எஸ்.டி. பில்லில் பார்ட் நம்பர் இருக்கட்டும்.

கேள்வி: அலைன்மென்ட் பார்த்தும் முன் டயர் ஒரு பக்கமே தேய்கிறது. மறுபடி பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். கிங் பின் ஆட்டத்தோடு பார்த்த அலைன்மென்ட் கடை வாசலைத் தாண்டாது. இத்தகைய முன் ஆக்சிலில் டை ராடைத் திருகி டோ-இன்னைத்தான், அதாவது சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவைத்தான், மாற்ற முடியும். காஸ்டருக்கு, அதாவது கிங் பின் முன்னும் பின்னும் சாயும் கோணத்துக்கு, ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் ஆப்புத் தகடு வைப்பார்கள். கேம்பர், அதாவது சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம், பீமிலேயே அமைந்தது, அதைத் திருகுவதற்கு எதுவும் இல்லை. டயரின் கட்டைகளைக் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த் திசையில் கூர்மை என்றால் டோ-இன். டயரின் ஒரு ஓரம் மட்டும் மொட்டையானால் முதலில் கிங் பின், பிறகு பீம்.

கேள்வி: பட்டறையில் கிங் பின் மாற்றி மூன்று மாதத்தில் மறுபடி ஆட்டம். லாரி தொழில் வண்டி என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு எடுக்க மாட்டார்கள் என்கிறார்களே? – கரூர் வாசகர்

பதில்: பாதி உண்மை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குவோரை விலக்குகிறது. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவில் விளக்கம் இருக்கிறது. ஒரே வண்டி, நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால் அதை மனுவில் தெளிவாக எழுதி, லைசென்ஸ், பர்மிட், ஆர்.சி. நகல் இணையுங்கள். ஐந்தாறு வண்டி ஓட்டும் முதலாளிக்கு இது கடினம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதியலாம்.

புஷ்ஷை மறுபடி மாற்றும்போது அவசரப்பட்டுப் பழையதை எறிந்துவிடாதீர்கள். கழற்றுவதற்கு முன்னும் கழற்றிய பிறகும் படம் எடுங்கள். கிரீஸ் துளை அடைபட்டிருந்தால் அது தெரியும்படி ஒரு படம். இரண்டாவது பட்டறைக்காரரிடம் என்ன பார்த்தார் என்று லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். முதல் பட்டறை கொடுத்தது வெறும் துண்டுச்சீட்டு என்றால், பணம் அனுப்பிய ஜி-பே பதிவும் சான்றாகும்.