நிறுவியாச்சு, ஆனாலும் ‘இல்லை’ என்கிறதே!

நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் இயந்திரக் கற்றல் படிப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாதிக்கும் மேல் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன. அதனால் முதல் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பைத்தான் நூலகங்களை நிறுவும் கருவியான பிப் வழியாக, தரவுகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தை நிறுவினேன். நிறுவியாயிற்று என்றுதான் டெர்மினல் சொன்னது. ஆனால் நிரலை ஓட்டினால் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது. மூன்று முறை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பார்த்துவிட்டேன்.

நான்காவது முறை வேண்டாம். பாண்டாஸ் உங்கள் கணினியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் வேறொரு பைத்தானிடம் இருக்கிறது.

பைத்தான் தளத்திலிருந்து ஒன்று, அனகோண்டாவோடு ஒன்று, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஒன்று என்று பலருடைய கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் சேர்ந்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் தன் நூலகங்களைத் தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. உங்கள் பிப் ஒரு பைத்தானுக்குப் போட்டிருக்கிறது, எடிட்டர் இன்னொன்றை ஓட்டுகிறது.

இதை ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். நிரலின் மேலே சிஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து, சிஸ்.எக்ஸிகியூட்டபிள் என்பதை பிரிண்ட் செய்யுங்கள். ஓடுகிற பைத்தானின் முகவரி வரும். அப்புறம் டெர்மினலில் ‘பிப் --வெர்ஷன்’ என்று அடித்தால் அந்த பிப் எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று காட்டும். இரண்டும் வேறு வேறு என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, ‘பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்’ என்பதில் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். இனி வெறும் ‘பிப் இன்ஸ்டால்’ என்று அடிக்காமல், ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்’ என்று அடித்துப் பழகுங்கள். டெர்மினலில் எந்த பைத்தானைக் கூப்பிடுகிறீர்களோ, அதற்கேதான் நூலகம் போய்ச் சேரும். இதைவிட நல்லது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி வென்வ், அதாவது தன் நூலகங்களைத் தனியே வைத்துக்கொள்ளும் பைத்தான் சூழல், உருவாக்கிக்கொள்வது. ஒரு நிமிட வேலைதான். நான் கற்றுக்கொடுக்கும் யாரையும் இது இல்லாமல் தொடங்க விடுவதில்லை.

விண்டோஸில் வென்வைச் செயல்படுத்தும்போது ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதியில்லை என்று சிவப்பில் வந்தால் பயப்படாதீர்கள். அது பவர்ஷெல்லின் பாதுகாப்புப் பூட்டு. கமாண்ட் ப்ராம்ப்ட் டெர்மினலுக்கு மாறினால் அந்தத் தடை இருக்காது.

ஜூபிட்டர் நோட்புக் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது: மேலே வலது மூலையில் கெர்னலை, அதாவது நோட்புக்கை ஓட்டும் பைத்தானை, தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிரல் எழுதும் கட்டமான செல்லுக்குள்ளேயே ‘%பிப் இன்ஸ்டால்’ என்று கொடுத்து, பிறகு கெர்னலை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: டென்சர்ஃப்ளோ.கேராஸ் என்ற வரியின் அடியில் அலைபோல் கோடு விழுகிறது. நிரல் நன்றாகத்தான் ஓடுகிறது. எதையாவது சரிசெய்ய வேண்டுமா?

வேண்டாம். அந்தக் கோட்டைப் போடுவது பைத்தான் அல்ல, விஎஸ் கோடில் நிரலைச் சரிபார்க்கும் நீட்சியான பைலேன்ஸ். அது நிரலை ஓட்டாமல் வாசிக்க மட்டுமே செய்கிறது. டென்சர்ஃப்ளோ என்ற இயந்திரக் கற்றல் நூலகம், தன்னோடு வரும் கேராஸைத் தேவைப்படும்போதுதான் உள்ளே இழுக்கிறது. வாசிக்க மட்டுமே செய்யும் பைலேன்ஸுக்கு அது தென்படாது. ஆனால் எல்லா இம்போர்ட்டுகளின் கீழும் கோடு விழுந்தால், முதல் பதிலுக்குத் திரும்பிப் போங்கள்.

கேள்வி: நல்ல என்விடியா கார்டு இருக்கிறது. விண்டோஸில் டென்சர்ஃப்ளோ அதைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. கார்டில் கணக்கீடு செய்ய என்விடியா தரும் மென்பொருளான குடாவை இரண்டு முறை நிறுவிவிட்டேன்.

உங்கள் கார்டிலும் பிழையில்லை, உங்களிடமும் பிழையில்லை. நேரடி விண்டோஸில் ஜிபியுவை (கிராஃபிக்ஸ் கார்டை) ஆதரித்த கடைசி டென்சர்ஃப்ளோ 2.10. அடுத்த பதிப்பான 2.11 முதல், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 வழியாகத்தான் முடியும். பழைய வீடியோக்களைப் பார்த்து எத்தனையோ பேர் இதில் நாள்களைத் தொலைக்கிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

டபிள்யூஎஸ்எல்லில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டு, விஎஸ் கோடில் டபிள்யூஎஸ்எல் நீட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்விடியா டிரைவர் விண்டோஸில் மட்டும் இருந்தால் போதும். உபுண்டுவுக்குள் தனியாக டிரைவர் போடக் கூடாது. உள்ளே ‘பிப் இன்ஸ்டால் டென்சர்ஃப்ளோ[அண்ட்-குடா]’ என்று கொடுத்தால் தேவையான குடா நூலகங்களும் சேர்ந்தே வந்துவிடும்.

டென்சர்ஃப்ளோவைப் போன்ற இன்னொரு நூலகமான பைடார்ச்சுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது விண்டோஸிலேயே கார்டைப் பயன்படுத்தும். அங்கே பொறி வேறு: விண்டோஸில் வெறுமனே நிறுவினால் சிபியு பதிப்பு வந்துவிடும். பதிப்பு எண்ணின் கடைசியில் ‘+சிபியு’ என்றிருந்தால், அதை நீக்கிவிட்டு, பைடார்ச் தளத்தில் உங்கள் விவரங்களைத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும் கட்டளையைக் கொண்டு நிறுவுங்கள்.

கேள்வி: பழைய பாடத்தில் இருந்த நிரலை அப்படியே அடித்தேன். ‘நம்பையில் ஃப்ளோட் என்று எதுவும் இல்லை’ என்கிறது.

நிரல் எழுதப்பட்டபோது இருந்தது. எண் கணக்கீட்டு நூலகமான நம்பையின் 1.20 பதிப்பில் ‘இதை விட்டுவிடுங்கள்’ என்று எச்சரித்தார்கள், 1.24இல் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் பைத்தானின் சாதாரண ஃப்ளோட்டைப் போடுங்கள்.

இதே பாடங்களில் பாஸ்டன் வீட்டு விலைத் தரவும் வரும். இயந்திரக் கற்றல் நூலகமான சைகிட்-லேர்ன் 1.2இல் அதை நீக்கிவிட்டார்கள். அதன் ஒரு நெடுவரிசை, அந்தப் பகுதியில் கறுப்பின மக்கள் எவ்வளவு பேர் என்பதிலிருந்து கணக்கிடப்பட்டது. நீக்கியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கலிஃபோர்னியா வீட்டுத் தரவை வைத்துப் பயிற்சி செய்யுங்கள்.

‘நம்பை 1இல் தொகுக்கப்பட்ட மாட்யூல் நம்பை 2இல் ஓடாது’ என்ற பொருளில் ஒரு நீண்ட செய்தி வந்தால், அது 2024 ஜூனில் வெளியான நம்பை 2.0இன் விளைவு. புகார் சொல்லும் நூலகத்தைப் புதுப்பியுங்கள். அதற்குப் புதுப் பதிப்பு இல்லையென்றால் மட்டும் ‘நம்பை<2’ என்று நிறுவுங்கள். இரட்டை மேற்கோள் குறிக்குள் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் டெர்மினல் அந்த ‘<’ குறியை வேறுவிதமாக எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: ‘பிப் இன்ஸ்டால் எஸ்கேலேர்ன்’ என்றால் எரர்.

நிறுவும்போது பெயர் சைகிட்-லேர்ன். இம்போர்ட் செய்யும்போதுதான் எஸ்கேலேர்ன்.

கேள்வி: இம்போர்ட் டார்ச் என்ற ஒரே வரிதான். ‘பாதி மட்டுமே தொடங்கிய மாட்யூல்’ என்று ஏதோ சொல்கிறது. நேற்றுவரை ஓடியது.

நேற்று அந்த ஃபோல்டரில் டார்ச்.பை என்று ஒரு ஃபைலைச் சேமித்தீர்களா, பாருங்கள். பைத்தான் முதலில் உங்கள் ஃபோல்டரில்தான் தேடும். அதனால் உண்மையான டார்ச்சை (பைடார்ச்சை இம்போர்ட் செய்யும் பெயர் இதுதான்) விட்டுவிட்டு உங்கள் ஃபைலையே எடுத்துக்கொள்கிறது. அதன் பெயரை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.