ஆசை எங்கே போகும்?

அன்புள்ள சார்,

எனக்கு வயது 41. விருதுநகரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். பள்ளி நாட்களில் டிவி கேம் என்றால் உயிர். கேசட்டை ஊதி ஊதிச் செருகி மரியோவும் கான்ட்ராவும் ஆடியவன். கல்லூரிக்குப் போனதோடு விட்டுப்போயிற்று. போன மாதம் பழைய கேம்கள் அடங்கிய சின்னப் பெட்டி ஒன்று வாங்கினேன். மகனுக்கு என்று சொல்லி வாங்கினாலும் எனக்காகத்தான். மரியோ முதல் ஸ்டேஜில், முதல் குழியிலேயே மூன்று முறை விழுந்தேன். "உங்களுக்கு ஆடத் தெரியாதாப்பா?" என்றான் மகன். எடுத்து வைத்துவிட்டேன். அந்த ஆசையெல்லாம் வயதோடு போய்விடுமா சார்?

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

கையைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் டிவியைப் பாருங்கள். நாம் ஆடிய காலத்து டிவியில் சிக்னல் வர வர, கோடு கோடாகப் படம் திரையில் விழுந்துவிடும். இன்றைய தட்டை டிவி அப்படியில்லை. படத்தை முழுசாக வாங்கி, மெருகேற்றி, நிறம் கூட்டி, அப்புறம்தான் காட்டும். சினிமா பார்க்கும்போது இது தெரியாது, சத்தத்தையும் சேர்த்தே தாமதப்படுத்திவிடும். கேமில் தெரியும். நீங்கள் பட்டனை அழுத்தியது சரியான நேரத்தில்தான். திரையில் நீங்கள் பார்த்த மரியோ கொஞ்சம் பழைய மரியோ. டிவி செட்டிங்ஸில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிட்டு ஆடிப் பாருங்கள். வாத்து சுடும் கேமோடு வந்த துப்பாக்கி புது டிவியில் வேலை செய்யாததற்கும் இந்தத் தாமதம் ஒரு காரணம். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைத் தேடும் நேரத்தில் அது திரைக்கே வந்து சேர்ந்திருக்காது.

அப்புறமும் விழத்தான் செய்வீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1986இல் கிரேடியஸ் கேமை வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்த கசுஹிசா ஹஷிமோட்டோவுக்கே அது கடினமாக இருந்தது. சோதித்துப் பார்ப்பதற்காக, மேலே மேலே கீழே கீழே என்று போகும் ஒரு ரகசிய பட்டன் வரிசையை உள்ளே வைத்தார். அதே வரிசைதான் பின்னால் கான்ட்ராவில் 30 லைஃப் கொடுத்தது.

நானும் பதினேழு வருடம் தொடாமல் இருந்தவன். 2019இல் கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் படுக்கையில் இருந்தபோது, அக்கா மகன் ஸ்விட்ச் என்ற தன்னுடைய கேம் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அதில் செலஸ்ட் என்ற கேம் இருந்தது. ஒரு பெண் மலை ஏறுகிறாள், அவ்வளவுதான் கதை என்று நினைத்தேன். முள்ளில் பட்டுச் செத்தால் அடுத்த நொடியே அதே திரையில் மறுபடி நிற்பாள். லைஃப் கணக்கு கிடையாது. எத்தனை முறை செத்தாய் என்ற கணக்கு மட்டும் உண்டு. அதற்காகப் பெருமைப்படு, சாகச் சாகத்தான் கற்கிறாய் என்று ஓர் அட்டையும் வரும். ஒரே ஒரு திரையில் இரவு பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை செத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் விரல் தானாகத் தாவிப் பிடித்து மேலே போனபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. பன்னிரண்டு வயதில் அடித்த அதே அடி.

அன்றைக்குத்தான் புரிந்தது. நாம் உயிராக நினைத்தது கேசட்டையோ அந்தக் காலத்தையோ அல்ல. தெரியாத ஒன்றைக் கை கற்றுக்கொள்ளும் சுகத்தை. மரியோவின் முதல் ஸ்டேஜை மறுபடி பாருங்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தருவதில்லை. முதல் எதிரி நடந்து வருகிறான், தாவாவிட்டால் சாவு. பெட்டியிலிருந்து வரும் காளான் ஓடிப்போய்க் குழாயில் முட்டி நம்மிடமே திரும்புகிறது. பயந்து தாவினாலும் தலைக்கு மேல் செங்கல், பெரும்பாலும் காளான் மேலே பட்டேவிடும். பட்டதும் பெரிதாகிறோம், நல்லது என்று தெரிந்துகொள்கிறோம். 1985இல் மரியோவை உருவாக்கிய மியாமோட்டோவும் அவர் கூட்டாளிகளும் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். சிறுவனாக இதை ஆடத்தான் தெரிந்தது. இப்போது ஆடும்போது செய்தவர்களின் கை தெரிகிறது. இந்தச் சந்தோஷம் அந்த வயதில் நமக்குக் கிடைக்கவில்லை, எஸ்.

அதனால் பழையதோடு நிற்காதீர்கள், புதிதாக ஒன்றும் ஆடுங்கள். மகனிடம் ஒரு ரிமோட்டைக் கொடுத்து, தெரியாததை அவனிடமே கேளுங்கள்.

கான்ட்ராவில் மூன்றாவது ஸ்டேஜ் நீர்வீழ்ச்சி, ஞாபகம் இருக்கிறதா? முன்னால் ஏறுகிறவனோடு திரையும் மேலே போகும். கீழே நிற்பவன் திரைக்கு வெளியே விழுந்து சாவான். என் அண்ணன் ஒவ்வொரு படியிலும் நின்று, "வந்துட்டியாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த தாவலைத் தாவுவான். சில நாள் அவன் நிற்கும் இடத்திலேயே குண்டு வந்து விழும், அவன் லைஃப் போகும். அப்போதும் நிற்பான்.

நீங்களும் பார்த்து ஏறுங்கள். மகன் கீழே நிற்பான்.