ஹாலுக்குச் சந்தனக் கலரா, பிஸ்கட் கலரா?

கேள்வி: ஷேடு கார்டில் இளம் சந்தனமாகத் தெரிந்த நிறம், மேற்கு ஜன்னல் வைத்த ஹாலில் அடித்ததும் மஞ்சள் அரைத்துப் பூசியது போல் ஆகிவிட்டது. கடையில் தவறாகக் கலந்துவிட்டார்களா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. கார்டில் இருப்பது தபால்தலை அளவு நிறம். ஹாலில் நான்கு சுவரும் ஒன்றின் மேல் ஒன்று நிறத்தை வீசுவதால் எதுவும் ஒரு படி தூக்கலாகத்தான் தெரியும். போதாததற்கு மேற்கு வெயில். அடுத்த முறை பிடித்த நிறத்தைவிட ஒன்றிரண்டு படி வெளிறியதை எடுங்கள். சந்தேகம் தீர, வாளி மூடியில் இருக்கும் ஸ்டிக்கரின் ஷேடு எண்ணைக் கார்டோடு ஒத்துப் பாருங்கள். எண் வேறாக இருந்தால் தவறு கடைக்காரருடையது. தயங்காமல் போய்க் கேளுங்கள்.

கேள்வி: பிஸ்கட் கலர் என்று கேட்டால் கடைக்குக் கடை வேறு நிறம் காட்டுகிறார்கள். தரை க்ரீம் டைல்ஸ், கதவு தேக்கு. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: தரையைப் பார்த்து. பெயின்டை ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடலாம், டைல்ஸை அப்படி மாற்ற முடியாது.

இந்த விஷயத்தில் நானே பணத்தை விட்டிருக்கிறேன். எங்கள் ஹாலுக்கு ஒரு பீஜ் வாங்கினேன். கடையில் தனியாகப் பார்க்க நல்ல மணல் நிறம். வீட்டில் மஞ்சளோடிய டைல்ஸுக்கு மேலே, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி போல ரோஸாகத் தெரிந்தது. மூன்றே மாதத்தில் மறுபடி அடித்தோம். பெயின்ட், கூலி இரண்டுக்கும் இரண்டு தடவை பணம் கொடுத்தேன்.

பீஜ், பிஸ்கட், ஐவரி எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சாயல் ஓடும்: மஞ்சள், ரோஸ், பச்சை அல்லது சாம்பல். கார்டைத் தனியாகப் பார்த்தால் அது பிடிபடாது. ஒரு வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பாருங்கள், தெரியும். அதே வரிசையில் கடைசியாக இருக்கும் அடர்ந்த நிறத்தையும் பாருங்கள், அதில் சாயல் ஒளிய முடியாது. பரணில் மிச்ச டைல்ஸ் ஒன்று கிடக்கும், அதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். க்ரீம் டைல்ஸுக்கும் தேக்குக்கும் மஞ்சள் சாயல் ஓடும் வெளிறிய நிறம்தான் ஒத்துப்போகும். சிவப்பு ஆக்சைடு தரைக்கும் இதையே சொல்வேன். ரோஸ் சாயல் பக்கமே போக வேண்டாம்.

முடிவெடுக்கும் முன் சின்ன டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட், தரையை ஒட்டினாற்போல் அடியுங்கள். காய்ந்தபின் காலையிலும் மாலையிலும் விளக்கு போட்டும் பாருங்கள். அப்புறம், சீலிங்குக்குப் பளீர் வெள்ளை வேண்டாம். பக்கத்தில் சுவர் அழுக்காகத் தெரியும். சுவர் நிறத்திலேயே மிக வெளிறியது போதும்.

கேள்வி: ஐவரி, க்ரீம், ஆஃப் ஒயிட். இதில் எது அழுக்கு காட்டாது? (வாசகி, ஈரோடு)

பதில்: எல்லாமே காட்டும். துடைக்கக்கூடிய எமல்ஷன் வாங்குங்கள்.

கேள்வி: பகலில் இதமாக இருக்கும் பீஜ், இரவில் சாம்பல் பூத்தது போல் இருக்கிறது. பெயின்ட் மட்டமா? (வாசகர், சேலம்)

பதில்: பெயின்டைக் குறை சொல்லாதீர்கள், நாற்காலி போட்டு ஏறி பல்பைப் பாருங்கள். 6500 என்று எழுதியிருக்கும்.

எனக்கு வருகிற பெயின்ட் புகார்களில் பல, உண்மையில் பல்பு புகார்கள். 6500 கெல்வின் என்பது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். அதில் மஞ்சள் சாயல் அடங்கிப்போகும், பீஜ் செத்துப்போகும். 2700, 3000 கெல்வின் பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம். 4000 நடுவில். கடையில் "ஒயிட்டா, வார்மா?" என்று கேட்டால் யோசிக்காமல் "ஒயிட்" என்கிறோம், அதுதான் அதிக வெளிச்சம் என்று நினைத்து. வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லூமென். கெல்வின் நிறத்தை மட்டும்தான் சொல்லும். அட்டைப்பெட்டியில் இரண்டும் அச்சிட்டிருக்கும், ஆனால் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. சுவருக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து, சில நூறு ரூபாய் பல்பால் அதைக் கெடுத்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 3000, சமையலறைக்கு 4000 போடுங்கள். மறுபடி பெயின்ட் அடிக்கத் தேவையே வராது. இனி வீடு கட்டுபவர்கள் முதலில் பல்பை மாட்டிவிட்டு அப்புறம் நிறம் பார்க்கட்டும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டி 20 லிட்டர் கலக்கி வாங்கினேன். நிறம் படத்தில் உள்ளது போல் இல்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். ஒரே அறை, 10க்கு 12. (வாசகர், திருப்பூர்)

பதில்: அவர் மறுப்பது சரி. உங்களுக்காகக் கலந்த நிறத்தை அவர் வேறு யாருக்கு விற்பார்? போனுக்குப் போன் நிறம் மாறும். அந்த அறைக்கு இரண்டு கோட்டுக்கு 20 லிட்டர் தேவையே இல்லை. கணக்கும் பார்க்கவில்லை, சாம்பிளும் அடிக்கவில்லை.

கேள்வி: ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். விலை உயர்ந்த எமல்ஷன் என்று கான்ட்ராக்டர் பணம் வாங்கினார். நான்கு மாதத்தில் சுவரைத் தொட்டால் கையில் மாவாக ஒட்டுகிறது. காலி வாளிகளையும் எடுத்துப் போய்விட்டார். பில் இல்லை. (வாசகி, கோவில்பட்டி)

பதில்: அம்மா, நீங்கள் நம்பியதில் தப்பில்லை. ஓதம் இல்லாத சுவரும் மாவாக உதிர்கிறது என்றால், மட்டமான சரக்கு அடித்திருக்கலாம், அல்லது தண்ணீரை அளவுக்கு மீறிக் கலந்திருக்கலாம். பில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். பணம் அனுப்பிய பதிவு, அவர் அனுப்பிய செய்திகள், எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுத் தாள் எல்லாம் சாட்சிதான். கறுப்புத் துணியால் சுவரைத் துடைத்து, துணியையும் சுவரையும் தேதியோடு படம் எடுங்கள். 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. மனு எழுதத் தடுமாறினால் தாள்களின் நகலை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து எழுதுவோம்.

கேள்வி: மீந்த பெயின்டை என்ன செய்வது? (வாசகர், காரைக்குடி)

பதில்: சின்ன டப்பாவில் விளிம்பு வரை ஊற்றி இறுக மூடுங்கள். மூடி மேல் ஷேடு எண், எந்த அறை, அடித்த மாதம் மூன்றையும் எழுதுங்கள். ஆணி பிடுங்கிய இடத்தில் பூச அது போதும்.